மகளிர் எப்.ஏ. கிண்ணம்: அரங்கம் நிரம்பியது, கழகங்கள் மறைந்தன

2021 டிசெம்பர் 5 ஆம் திகதி லண்டன் வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தின் மகளிர் எப்.ஏ. கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நடைபெற்றது. ஆர்சனல் அணியை 3-0 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து செல்சி கிண்ணத்தைக் கைப்பற்றியது. 40,942 பேர் அப்போட்டியைக் கண்டு களித்தனர். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1921 டிசெம்பர் 5 ஆம் திகதி, இதே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்தின் நிர்வாகசபை கூடி, உதைபந்தாட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு என்றும் அதனை ஊக்குவிக்கலாகாது என்றும் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தடை விதித்த சங்கமே ஒரு நூற்றாண்டின் பின்னர் கிண்ணத்தையும் வழங்கியது. இந்த நாள் பொருத்தம் விளையாட்டுப் பக்கங்களில் சுவையான செய்தியாக வெளிவந்து மறைந்தது. ஆனால், இந்தக் கிண்ணத்தின் கதையைச் சற்று நிதானமாகப் படிப்பவர்களுக்கு, ஒரு விளையாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வினா அதன் ஒவ்வொரு கட்டத்திலும் எழவே செய்யும்.

தடையின் பின்னணி பலரும் எண்ணுவது போன்றதல்ல. பெண்கள் விளையாடியதை எவரும் பார்க்கவில்லை, ஆகவே அது நலிந்தது என்பது ஒரு கட்டுக்கதை. உண்மையில் அளவுக்கு அதிகமானோர் பார்த்தார்கள் என்பதே சிக்கலாயிற்று. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, ஆயுத உற்பத்தித் தொழிற்சாலைகளில் பெண்கள் வேலைக்கு அமர்ந்தனர். லங்கஷயர் மாவட்டத்தின் பிரெஸ்டன் நகரில் இருந்த டிக் கேர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் ஓர் அணியை அமைத்தனர். 1917 நத்தார் தினத்தன்று, காயமுற்ற படையினருக்கான மருத்துவமனைக்கு நிதி சேர்ப்பதற்காக அவர்கள் ஆடிய போட்டிக்குச் சுமார் 10,000 பேர் வந்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1920 டிசெம்பர் 26 ஆம் திகதி, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் சென் ஹெலன்ஸ் மகளிர் அணியைச் சந்தித்தபோது 53,000 பேர் உள்ளே இருந்தனர். இடமின்றி வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் பல்லாயிரம். அன்று வசூலான 3,000 பவுணுக்கும் மேற்பட்ட தொகை அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது.

ஓராண்டு கழியுமுன் தடை வந்தது. அத்தீர்மானம் இரண்டு காரணங்களைச் சொல்லிற்று. ஒன்று, விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்பது. மற்றையது, வசூலான பணத்தில் செலவுகளுக்குப் போவது அதிகம், அறப்பணிக்குச் சேர்வது குறைவு என்பது. முதலாவதற்கு அக்கால மருத்துவர்கள் சிலரின் கருத்துகள் துணைக்கு அழைக்கப்பட்டன. இரண்டாவது, கணக்குப் பார்க்கும் தோரணையில் அமைந்த ஓர் ஐயம். வரலாற்றாய்வாளர்கள் வேறொரு விடயத்தையும் சுட்டிக்காட்டுகின்றனர். 1921 இல் சுரங்க முதலாளிகள் தொழிலாளரை வேலைக்கு அனுமதியாது கதவடைப்புச் செய்தபோது, அக்குடும்பங்களுக்கு நிதி திரட்டவும் மகளிர் அணிகள் ஆடின. படையினர் மருத்துவமனைக்கு ஆடியபோது போற்றப்பட்டவர்கள், பட்டினி கிடந்த தொழிலாளருக்காக ஆடியபோது வேறு விதமாக நோக்கப்பட்டனர் எனில் அதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

இங்கு ஒரு நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். பெண்கள் பந்தை உதைக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை. சங்கத்துக்கு அந்த அதிகாரமும் இல்லை. தன்னுடன் இணைந்த கழகங்கள் தமது மைதானங்களைப் பெண்களுக்கு வழங்கக் கூடாது என்று மட்டுமே அது பணித்தது. அதுவே போதுமாயிருந்தது. ஐம்பதாயிரம் பேர் கூடக்கூடிய இடங்கள் யாவும் அக்கழகங்களின் வசமே இருந்தன. மைதானம் இல்லையேல் பார்வையாளர் இல்லை. பார்வையாளர் இல்லையேல் பணமில்லை. பணமில்லையேல் பயணச் செலவுக்கும் வழியில்லை. ஆட்டத்தைத் தடுக்காமலே ஆட்டக்காரரை இல்லாமற் செய்யும் இந்த முறை விளையாட்டு உலகுக்கு மட்டும் உரியதன்று என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் உடனே பணிந்துவிடவுமில்லை. தடை வந்த சில நாள்களுக்குள் இங்கிலாந்துப் பெண்கள் உதைபந்தாட்டச் சங்கம் என்ற தனி அமைப்பு உருவாகியது. 1922 இல் அது ஒரு கிண்ணப் போட்டியையும் நடத்தியது. 23 அணிகள் கலந்துகொண்ட அப்போட்டியின் இறுதியாட்டத்தில், அவ்வாண்டு ஜூன் மாதம், ஸ்டோக் அணி டொன்காஸ்டர் மற்றும் பென்ட்லி அணியை 3-1 என வென்றது. இங்கிலாந்து மகளிரின் முதல் தேசியக் கிண்ணம் எது என்று கேட்டால் நியாயமாக இதையே சொல்ல வேண்டும். ஆனால், அந்தச் சங்கம் நீடிக்கவில்லை. அதன் கிண்ணமும் அதிகாரபூர்வ வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சியது. டிக் கேர் அணி வேறொரு பெயருடன் 1965 வரை, கிடைத்த திடல்களில் எல்லாம் ஆடிக்கொண்டேயிருந்தது.

தடையை விதித்தது இங்கிலாந்து மட்டுமல்ல என்பதையும் சொல்லி வைப்போம். ஜேர்மனியின் சங்கம் 1955 இல் இதே போன்ற தடையைப் பிறப்பித்து 1970 வரை நடைமுறையில் வைத்திருந்தது. பிரேசிலில் 1941 இல் அரச ஆணையாகவே வந்த தடை 1979 வரை நீடித்தது. அண்மைக் காலத்திலும் இந்த மனப்பாங்கு வேறு உருவில் தலைகாட்டியதை முஸ்லிம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2011 ஜூன் மாதம் ஜோர்தான் தலைநகர் அம்மானில் ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிக்காகக் களமிறங்கவிருந்த ஈரான் பெண்கள், தலையை மறைக்கும் ஆடை அணிந்திருந்த காரணத்தால் விளையாட அனுமதிக்கப்படவில்லை. பாதுகாப்பு என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். அவ்வாடையால் காயம் ஏற்படும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவுமில்லை என்று பின்னர் கண்டறியப்பட்டு, 2012 இல் பரீட்சார்த்தமாகவும் 2014 இல் நிரந்தரமாகவும் அத்தடை நீக்கப்பட்டது. 1921 இல் உடலைக் காரணம் காட்டினார்கள்; 2011 இல் உடையைக் காரணம் காட்டினார்கள். விதி எழுதிய மேசையில் பெண்கள் அமர்ந்திருக்கவில்லை என்பது இரண்டிலும் பொது.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1967 இல் டொட்டன்ஹாம் கழகத்தின் ஆண்கள் அணி எப்.ஏ. கிண்ணத்தை வென்று வடலண்டன் வீதிகளில் ஊர்வலம் வந்தது. அதைப் பார்த்த பற்றீசியா கிரெகரி என்ற இளம் பெண், பெண்கள் ஏன் உதைபந்தாடுவதில்லை என்று கேட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவரிடம் அணி எதுவும் இருக்கவில்லை. ஆயினும், அவரது அணியில் சேர விரும்புவதாகப் பெண்கள் பலர் பதில் எழுதிவிட்டனர்! பின்னர் அவர்கள் ஆடுவதற்குத் திடல் தேடியபோதுதான் அரை நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த அந்தத் தடை இன்னும் உயிருடன் இருப்பது தெரியவந்தது. கென்ட் மாவட்டத்தின் டீல் நகரில் ஆதர் ஹொப்ஸ் என்பவர் அதே காலப்பகுதியில் மகளிர் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்தத் தொடங்கியிருந்தார். இத்தகையோரின் முயற்சியால் 1969 நவம்பரில் மகளிர் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றியது. எழுபதுகளின் தொடக்கத்தில் தடையும் நீங்கியது.

இன்று நாம் அறியும் மகளிர் எப்.ஏ. கிண்ணத்தின் பிறப்பு இதுவே. 1970-71 பருவகாலத்தில் மகளிர் சங்கம் நடத்திய முதற் போட்டியில் 71 அணிகள் பங்குபற்றின. ஸ்கொட்லாந்து, வேல்ஸ் அணிகளுக்கும் அதில் இடமிருந்தது. 1971 மே 9 ஆம் திகதி லண்டன் கிறிஸ்டல் பலஸ் விளையாட்டரங்கில் நடந்த முதல் இறுதிப் போட்டியில் சௌதாம்ப்டன் மகளிர் அணி, ஸ்கொட்லாந்தின் ஸ்டுவட்டன் திசில் அணியை 4-1 என வென்றது. சௌதாம்ப்டன் சார்பில் பற் டேவிஸ் மூன்று கோல்களைப் போட்டார். முதல் பதினொரு இறுதிப் போட்டிகளில் எட்டில் அவ்வணியே வெற்றியீட்டியது.

அக்காலத்து வெற்றியாளர் பட்டியலை வாசிப்பதே ஓர் அனுபவம். 1974 இல் கிண்ணத்தை வென்ற போடன்ஸ் அணி, செஷயர் மாவட்டத்தில் லொறி தயாரித்த ஒரு தொழிற்சாலையின் பெயரைத் தாங்கியது. 1982 இல் லோஸ்டொப்ட், 1984 இல் ஹவ்பரி கிரேஞ்ச், 1989 இல் லீசோ பசிபிக். ஆண்கள் உதைபந்தாட்டத்தை மட்டும் அறிந்தவருக்கு இப்பெயர்களுட் பல எதையும் உணர்த்தமாட்டா. பெரும்பாலும் பெண்கள் தாமே கூடி, தாமே சந்தா சேர்த்து, தாமே சீருடை துவைத்து நடத்திய கழகங்கள் அவை. சௌதாம்ப்டன் அணிகூட அந்நகரின் புகழ்பெற்ற ஆண்கள் கழகத்தின் கிளையன்று.

இவற்றுள் தலையாயது டொன்காஸ்டர் பெல்ஸ். 1969 இல், அந்நகரின் ஆண்கள் கழக மைதானத்தில் அதிர்ஷ்டச் சீட்டு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் சிலர், பார்ப்பதோடு நின்றுவிடாமல் தாமும் ஆடுவோம் என்று தொடங்கிய அணி அது. 1983 முதல் 1994 வரையான பன்னிரண்டு இறுதிப் போட்டிகளில் பதினொன்றில் அவர்கள் ஆடினார்கள். ஆறு தடவைகள் வென்றார்கள். சுரங்கத் தொழில் நலிந்து, வேலையின்மை சூழ்ந்த ஒரு மாவட்டத்திலிருந்து, சம்பளம் எதுவுமின்றி, பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சி செய்தவர்களின் சாதனை இது. ஆண்கள் பிரிவில் இத்தகைய சாதனை நிகழ்ந்திருப்பின் நகரின் நடுவே சிலை எழுந்திருக்கும்.

1993-94 பருவகாலத்திலிருந்து கிண்ணத்தின் நிர்வாகத்தை இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் ஏற்றுக்கொண்டது. மகளிர் சங்கத்திடம் பணமும் ஆளணியும் போதாதிருந்தமையால் இம்மாற்றம் தவிர்க்க முடியாதது என்பதே எமது கணிப்பு. இதனால் விளைந்த நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. இறுதிப் போட்டிகள் பெரிய மைதானங்களுக்கு வந்தன. 2002 இல் புல்ஹாம் - டொன்காஸ்டர் பெல்ஸ் இறுதிப் போட்டியைப் பி.பி.சி. தனது முதன்மை அலைவரிசையில் நேரடியாக ஒளிபரப்பியது. பெரிய ஆண்கள் கழகங்களும் மகளிர் அணிகளை வளர்க்கலாயின. இதில் ஆர்சனல் முன்னோடி. 1987 இல் அங்கு மகளிர் அணியை உருவாக்கிய விக் ஏக்கர்ஸ், ஆண்கள் அணியின் சீருடைப் பொறுப்பாளராகவும் பணியாற்றியவர். ஆண்களின் சீருடைகளை ஒழுங்குசெய்த அதே மனிதர்தான் 2007 இல் மகளிர் அணியை ஐரோப்பியக் கிண்ணம் வரை அழைத்துச் சென்றார். 1993 தொடக்கம் 2016 வரை ஆர்சனல் 14 தடவைகள் எப்.ஏ. கிண்ணத்தைச் சுவீகரித்துள்ளது.

ஆயினும், ஆண்கள் கழகத்தின் நிழலில் வளரும் செடிக்கு அந்நிழலே ஆபத்தாகவும் முடியும். இதற்குச் சான்றுகள் ஒன்றிரண்டல்ல.

புல்ஹாம் கழகம் 2000 ஆம் ஆண்டில் தனது வீராங்கனைகளை முழுநேரத் தொழில்முறையாளர்களாக்கி ஐரோப்பாவையே வியக்கவைத்தது. 2002 இலும் 2003 இலும் கிண்ணம் அவர்களுடையதே. ஆனால், 2003 இலேயே முழுநேரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. 2006 இல் அணியே கலைக்கப்பட்டது. சார்ள்டன் அத்லெட்டிக்கின் கதை இதனினும் கொடியது. 2005 இல் கிண்ணத்தை வென்ற அவ்வணி, 2007 மே மாதம் நொட்டிங்ஹாமில் 24,529 பேர் முன்னிலையில் ஆர்சனலுடன் இறுதிப் போட்டியில் ஆடித் தோற்றது. அன்றைய நிலையில் இக்கிண்ணத்தின் இறுதிப் போட்டியொன்றுக்கு அத்தனை பேர் வந்தது அதுவே முதற் தடவை. ஓரிரு மாதங்களுக்குள் அம்மகளிர் அணியை மூடுவதாகக் கழகம் அறிவித்தது. அவர்கள் செய்த குற்றம் யாது? ஆண்கள் அணி முதற்பிரிவிலிருந்து தரமிறங்கியிருந்தது. செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. வேறோர் அனுசரணையாளர் கிடைத்தமையால் அணி பின்னர் உயிர் தப்பினாலும், முன்னணி வீராங்கனைகள் பலர் அதற்குள் வெளியேறிவிட்டனர்.

2015 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இறுதிப் போட்டி முதன்முறையாக வெம்பிளிக்கு வந்தது. 30,710 பேர் பார்த்திருக்க, செல்சி 1-0 என நொட்ஸ் கவுண்டியை வென்றது. கிண்ண வரலாற்றின் திருப்புமுனை என்று அதனை எல்லோரும் எழுதினர். அது உண்மையும்கூட. ஆனால், அன்று தோற்ற நொட்ஸ் கவுண்டி மகளிர் அணி இரண்டு ஆண்டுகள் கூட முழுமையாக நீடிக்கவில்லை. 2017 ஏப்ரலில், புதிய பருவகாலம் ஆரம்பமாகவிருந்த தறுவாயில், அணி மூடப்படுவதாக வீராங்கனைகளுக்குத் தெரிவிக்கப்பட்டது.

டொன்காஸ்டர் பெல்ஸ் அணிக்கு நேர்ந்ததோ மூடுவிழாவன்று, இடமாற்றம். 1991 இல் தேசிய லீக் தொடங்கியது முதல் உயர்பிரிவில் இடையறாது ஆடி வந்த அவ்வணியை, 2013 இல், பருவகாலத்தின் ஒரேயொரு போட்டி முடிந்திருந்த நிலையில், அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறக்குவதாகச் சங்கம் தீர்மானித்தது. எஞ்சிய போட்டிகள் அனைத்தையும் வென்றாலும் பயனில்லை என்பது இதன் பொருள். உயர்பிரிவில் புதிதாக இடம் பெற்றது மன்செஸ்டர் சிற்றி. வசதிகள், நிதி, நிர்வாகம் ஆகிய அளவுகோல்களில் அத்தீர்மானத்துக்கு நியாயம் கற்பிக்கலாம். களத்தில் ஈட்டிய வெற்றி அந்த அளவுகோல்களில் ஒன்றாக மதிக்கப்பட்டதா என்பதே கேள்வி. 2018 இல் பெல்ஸ் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது. எனினும், நிதி நெருக்கடி காரணமாக அனுமதிப்பத்திரத்தைத் துறந்து மூன்றாம் பிரிவுக்குச் சென்றது.

இத்தனைக்கும் பிறகு பார்வையாளர் தொகை ஏறிக்கொண்டே போனது. 2022 இல் 49,094 பேர். அவ்வாண்டு கோடையில் இங்கிலாந்து மகளிர் அணி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதும் நிலைமை முற்றிலும் மாறியது. 2023 இல் செல்சி - மன்செஸ்டர் யுனைட்டட் இறுதிப் போட்டிக்கு 77,390 பேர் வந்தனர். 2024 இல் மன்செஸ்டர் யுனைட்டட் 4-0 என டொட்டன்ஹாமை வென்றபோது 76,082 பேர். 1967 இல் அந்த டொட்டன்ஹாம் ஊர்வலத்தைப் பார்த்து எழுந்த கேள்வியை இங்கு வாசகர் நினைவிற் கொள்ளலாம். மன்செஸ்டர் யுனைட்டட் தனது இன்றைய மகளிர் அணியை 2018 இல்தான் அமைத்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. உலகின் மிகச் செல்வம் படைத்த கழகங்களுள் அதுவும் ஒன்று.

பணத்தின் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2022 இல் மகளிர் கிண்ணத்தை வென்ற அணிக்குக் கிடைத்த பரிசு 25,000 பவுண். ஆண்கள் அணிக்கு 18 இலட்சம் பவுண். ஆண்கள், பெண்கள் அணிகளுக்கு 2017 முதல் சமமான நிதியை ஒதுக்கி வந்த லூயிஸ் என்னும் சிறிய கழகம் இந்த இடைவெளியைப் பகிரங்கமாகக் கேள்விக்குட்படுத்தியது. அழுத்தம் வீண் போகவில்லை. மகளிர் கிண்ணத்தின் மொத்தப் பரிசு நிதி 2022-23 இல் 30 இலட்சம் பவுணாகவும், மறு பருவகாலத்தில் 60 இலட்சமாகவும் உயர்ந்தது. 2024 இல் வெற்றி பெற்ற அணிக்கு 4,30,000 பவுண் கிடைத்தது. அவ்வாண்டு ஆண்கள் அணிக்கு 20 இலட்சம். முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால், இறுதிப் போட்டியின் பரிசைவிட ஆரம்பச் சுற்றுகளின் பரிசே எமக்கு முக்கியமாகப் படுகிறது. செல்சிக்கு அத்தொகை அணியின் வரவு செலவில் ஒரு வரி. ஒரு சிறு நகரத்தின் பெண்கள் கழகத்துக்கோ இரண்டு சுற்றுகளின் பரிசு ஒரு வருடத்துக்கான பேருந்துச் செலவாகும். பணம் எந்தப் படியில் பகிரப்படுகிறது என்பதைப் பொறுத்தே நாளைய பெல்ஸ் எழுவதும் எழாததும்.

கொவிட் காலத்தில் நடந்ததையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 நவம்பரில் இங்கிலாந்தில் முடக்கம் அறிவிக்கப்பட்டபோது, ஆண்கள் எப்.ஏ. கிண்ணத்தின் முதற் சுற்று, தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே இருந்த அணிகளையும் உள்ளடக்கித் தொடர்ந்து நடந்தது. மகளிர் கிண்ணமோ உயர்மட்டப் போட்டி அன்று என வகைப்படுத்தப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. மேயில் முடிந்திருக்க வேண்டிய அந்தப் பருவகாலத்தின் இறுதிப் போட்டி டிசெம்பர் 5 ஆம் திகதி வரை தள்ளிப்போனதற்கு இவ்விடை நிறுத்தமே வழிவகுத்தது. நூற்றாண்டு நினைவு நாளில் கிண்ணம் வழங்கும் வாய்ப்புச் சங்கத்துக்குக் கிட்டியது இவ்வாறுதான்.

பெரிய கழகங்கள் வெளியேற வேண்டும், பழைய சந்தாக் கழகங்களின் காலம் திரும்ப வேண்டும் என்று எவரும் கோரவில்லை. முழுநேரச் சம்பளமும், மருத்துவ வசதியும், நல்ல திடலும் பெற்ற இன்றைய வீராங்கனை அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியதுமில்லை. ஆனால், ஆண்கள் அணி தோற்றால் பெண்கள் அணி மூடப்படும் என்ற ஏற்பாட்டில் பெண்கள் விருந்தினரேயன்றி உரிமையாளர் அல்லர். மகளிர் அணிக்கென ஒதுக்கப்படும் நிதியைக் குறித்த சில ஆண்டுகளுக்கேனும் முன்கூட்டியே உறுதிப்படுத்துமாறு கழகங்களைக் கட்டாயப்படுத்தும் வல்லமை சங்கத்திடம் உண்டு. 1921 இல் ஒரே கூட்டத்தில் நாட்டின் மைதானங்கள் அனைத்தையும் மூடவைத்த அமைப்புக்கு இது இயலாத காரியமன்று.

2024 கோடையில் ரெடிங் மகளிர் அணி, தாய்க் கழகத்தின் நிதிச் சிக்கலால் இரண்டாம் பிரிவிலிருந்து விலகி ஐந்தாம் பிரிவுக்குப் போனது. 2025 மே 18 ஆம் திகதி வெம்பிளியில் 74,412 பேர் முன்னிலையில் செல்சி மீண்டும் கிண்ணத்தை வென்றது. அதே கோடையில் பிளக்பேர்ன் ரோவர்ஸ் கழகம், இரண்டாம் பிரிவுக்குத் தேவையான செலவை ஏற்க இயலாதெனத் தனது மகளிர் அணியை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. டிக் கேர் பெண்கள் 1917 இல் தமது முதற் போட்டியை ஆடிய பிரெஸ்டனிலிருந்து பிளக்பேர்ன் சுமார் பத்து மைல் தொலைவில் இருக்கிறது.